மூன்று நோட்டுகளும் ஒரு செப்புத் தகடும்

2021 டிசம்பர் 27 அன்று, முன்பு என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேரணாம்பட்டைத் தாண்டி ஆந்திர எல்லை மலைகளை ஒட்டிய சிற்றூர் அவருடையது. "சார், எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரு மாதமாக யாரும் தூங்கவில்லை. செய்வினை என்கிறார்கள். வைத்தது யார் என்று ஒரு பெண்ணின் பெயரையும் சொல்லிவிட்டார்கள். அவர் பக்கத்துப் பாகத்தில்தான் இருக்கிறார்" என்றார். வீட்டில் சத்தம் கேட்கிறது என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால் பொங்கல் கழித்துப் போகலாம் என்று இருந்திருப்பேன். பெயர் சொல்லியாகிவிட்டது என்றதும் மறுநாள் காலை குடியாத்தத்தில் பஸ் ஏறினேன்.

சம்பந்தப்பட்டவர்கள் அனைவரின் சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். ஊரையும் ஆட்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

வீடும் மனிதர்களும்

ஒரே மனையில் நடுச்சுவர் ஒன்றால் பிரிந்த இரண்டு பாகங்கள். இரண்டுக்கும் முன்கட்டு ஓடு, பின்கட்டு தகர ஷீட். ஒரு பாகத்தில் தம்பி, அவர் மனைவி, 13 வயது மகன், வயதான தாய். மறு பாகத்தில் அண்ணனின் மனைவி, தனியாக. அண்ணன் 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் இறந்துவிட்டார். தம்பி லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறார். அவர் மனைவி காலை வேனில் ஷூ கம்பெனிக்குப் போய் இரவு திரும்புகிறவர். அண்ணி பீடி சுற்றுகிறார். முப்பது சென்ட் நிலமும் ஒரு கிணறும் இன்னும் பாகம் பிரிக்கப்படாமல் இருந்தன. இந்தக் கடைசி விவரத்தை முதல் நாளே அடிக்கோடிட்டு வைத்தேன். செய்வினைப் புகார் வந்த இடங்களில் நான் இதுவரை பார்த்தவரை, பிரிக்கப்படாத சொத்து ஒன்று அருகில் இருக்கும்.

அந்த ஆண்டு நவம்பர் மழையை வேலூர்ப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாலாறு கரை புரண்டது. நவம்பர் 19, கார்த்திகை தீபத்தன்று அதிகாலை, பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். சுவர் என்றாலே பயப்படும் நிலையில் ஊர் இருந்தது. நம் வீட்டில் சாவு விழுந்த வருடம், பண்டிகை இல்லை என்று இந்தக் குடும்பம் அன்று வாசலில் விளக்கு வைக்கவில்லை. அதுவும் தாயின் மனத்தில் உறுத்தலாக இருந்தது.

நடந்தவை, அவர்கள் சொன்ன வரிசையில்

நவம்பர் 29, திங்கட்கிழமை, அதிகாலை நான்கு மணிக்கு மேல் தரைக்கு அடியில் வெடி வைத்ததுபோல் ஒரு சத்தம். அடுக்கில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் குலுங்கின. நடுச்சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல். அடுத்த நான்கைந்து நாட்கள் மாலையில் கூரையிலிருந்து "டப், டப்" என்று சத்தம் வந்தது. இரவில் ஷீட்டின் மேல் கல் விழுந்து உருண்டது.

டிசம்பர் 4 அன்று வெளியூரிலிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தார்கள். அன்று சனிக்கிழமை, அமாவாசை. உலகின் தென்கோடியில் முழுச் சூரிய கிரகணமும் அன்றுதான். மூன்றும் கூடிய நாள் இனி எளிதில் வாய்க்காது என்று அவர் சொல்லியிருக்கிறார். பதினைந்தாயிரம் பேசி, பத்தாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு, நடுச்சுவர் ஓரம் முழங்கை ஆழம் தோண்டி ஒரு செப்புத் தகட்டை எடுத்துக் காட்டினார். எலுமிச்சம்பழத்தை அறுத்தார், உள்ளே இரத்தம்போல் சிவந்திருந்தது. தகடு மூன்று வருடமாக அங்கே இருக்கிறது, வைத்தது "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்" என்றார். அதற்குமேல் பெயர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

அதன் பிறகு ஏறத்தாழ மூன்று வாரம் பெரிய சத்தம் எதுவும் இல்லை. மாலைச் சத்தம் இருந்தது, ஆனால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. தகட்டை எடுத்ததால் அடங்கிவிட்டது என்று குடும்பம் உறுதியாக நம்பியது. டிசம்பர் 23 பிற்பகல் மூன்றேகால் மணி வாக்கில் மீண்டும் அதே வெடிச்சத்தம். பரணிலிருந்து பித்தளைக் குடம் உருண்டு விழுந்தது. மந்திரவாதியைக் கேட்டபோது, எதிராளி மறுபடியும் வைத்திருக்கிறாள், இந்த முறை செலவு இரட்டிப்பாகும் என்றார். அன்றிலிருந்து அண்ணியைப் பொதுக் கிணற்றில் நீர் இறைக்க விடவில்லை.

இந்தத் தேதிகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கை நின்றுவிட்டது. நவம்பர் 29 அதிகாலை 4.17 மணிக்கு வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டரில் 3.6 அளவிலும், டிசம்பர் 23 பிற்பகல் 3.14 மணிக்கு வேலூருக்கு மேற்கு-வடமேற்கே 50 கிலோமீட்டரில் 3.5 அளவிலும் நில அதிர்வு பதிவானதாகத் தேசிய நிலநடுக்கவியல் மையம் அறிவித்திருந்தது. செய்தித்தாளில் வந்ததுதான். குடும்பத்துக்கும் அது தெரியும். "ஊருக்கு வந்தது நில அதிர்வு, எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு" என்றார் தம்பி. அவர் பிடிவாதத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. அதிர்வு வந்தது இரண்டு நாள், சத்தம் கேட்பதோ தினமும். அந்தக் கேள்வி நியாயமானது. பேப்பரைக் காட்டிவிட்டு நான் எழுந்து வந்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவனாக இருந்திருப்பேன்.

மூன்று நோட்டுகள்

கடையில் மூன்று நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒன்று தம்பி வீட்டுக்கு, ஒன்று எதிர்வீட்டுக்கு, ஒன்று அண்ணிக்கு. அண்ணிக்கு ஏன் என்று தம்பி மனைவி கேட்டார். சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றால் அந்தப் பக்கத்தில் ஒரு நோட்டு இருந்தே ஆகவேண்டும் என்றேன். விதி இரண்டுதான்: கேட்டவுடன் செல்போனில் நேரம் பார்த்து எழுத வேண்டும்; எழுதும்முன் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. டிசம்பர் 29 முதல் ஜனவரி 17 வரை இருபது இரவுகள்.

ஒரே பேயைத் தேடிப் போகிறவர்களும், ஒரே இயற்கைக் காரணத்தைத் தேடிப் போகிற என்னைப் போன்றவர்களும் செய்யும் தவறு ஒன்றுதான். "வீட்டுச் சத்தம்" என்று ஒரு சொல் இருப்பதால் அதன் பின்னால் ஒரு காரணம்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நோட்டுகள் அதை உடைத்துப்போட்டன.

தம்பி வீட்டு நோட்டில் 41 பதிவுகள். அவற்றில் 23 மாலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் கூரையிலிருந்து வந்தவை. மேகம் மூடியிருந்த மூன்று நாட்களில் அப்படி ஒன்றுகூட இல்லை. அண்ணியின் நோட்டிலும் அதே மாலை நேரத்தில் 11 கூரைச் சத்தங்கள் இருந்தன, ஆனால் நிமிடங்கள் ஒத்துப்போகவில்லை. மொட்டை மாடி வைத்த எதிர்வீட்டில் ஒன்றும் இல்லை. இரும்பு ஒரு டிகிரி வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு விரியும். ஐந்து மீட்டர் ஷீட் பகல் வெயிலிலிருந்து இரவுக் குளிருக்கு 25 டிகிரி இறங்கினால் ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். கொக்கி போல்ட்டில் இறுகியிருக்கும் ஷீட் மெல்ல மெல்லச் சுருங்காது. பிடித்துக்கொண்டே இருந்து, பிறகு சட்டென்று நழுவும். அதுதான் "டப்". இந்த ஷீட் போட்டு ஆறு வருடமாகிறது. ஆறு வருடமும் இந்தச் சத்தம் இருந்திருக்க வேண்டும். நவம்பர் 29க்குப் பிறகுதான் அதைக் கேட்கத் தொடங்கினார்கள்.

மூன்று நோட்டிலும் ஒரே நிமிடத்தில் ஐந்து பதிவுகள். இவைதான் தரையிலிருந்து வந்தவை என்று கருதுகிறேன். ஆழம் குறைந்த சிறு அதிர்வின் முதல் அலை தரைக்கு வந்து காற்றை அசைக்கும்போது, அதன் துடிப்பு வினாடிக்கு இருபதுக்கு மேல் இருந்தால் காதுக்குக் கேட்கும். கெட்டியான பாறை உள்ள நம் மாவட்டம் போன்ற இடங்களில் ஆட்டம் தெரியாமலே வெடிச்சத்தம் மட்டும் வருவது உண்டு. பெரும் மழைக்குப் பிறகு நீர் பாறை விரிசல்களில் இறங்கி அங்கே அழுத்தத்தைக் கூட்டுவதால் இப்படிச் சிறு அதிர்வுகள் தொடராக வரும் என்பது தீபகற்ப இந்தியாவைப் பற்றி ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. இந்த ஐந்தும் அரசுப் பட்டியலில் இல்லை. மிகச் சிறியவை தொலைவில் உள்ள கருவிகளுக்கு எட்டாமல் போகலாம். ஆகவே இது என் அனுமானம்தான். ஆனால் மூன்று வீட்டில் ஒரே நிமிடத்தில் கேட்ட சத்தத்தை ஒரு வீட்டுக்கு வைத்த செய்வினை என்று சொல்ல முடியாது. தொடராக வரும் அதிர்வுகளுக்கு நடுவே இடைவெளி விழுவது சாதாரணம். டிசம்பர் 4க்குப் பின் வந்த அமைதி அப்படி ஓர் இடைவெளி. தகடு எடுத்த நாள் அந்த இடைவெளியின் தொடக்கத்தில் விழுந்துவிட்டது.

கல் எறிந்தது யார்

இந்த இடத்தில் நான் செய்த தவறை எழுதியாக வேண்டும்.

தம்பி வீட்டு நோட்டில் எட்டுப் பதிவுகள் "கல்". வீட்டின் மேல் கல் விழும் நிகழ்வுகளை ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஆபிரகாம் கோவூர் (1898–1978). திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். 1963இல் மந்திர சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். அவர் பதிவுசெய்த பல நிகழ்வுகளில் கல்லை எறிந்தவர் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்த, மனம் நொந்த ஒருவர். அதைப் படித்து வளர்ந்த எனக்கு, பெரியப்பாவை இழந்த, பெற்றோர் இரவு பகலாகச் சண்டையிடும், 13 வயதுப் பையன் கண்ணில் பட்டவுடன் முடிவு தயாராகிவிட்டது. ஒரு வாரம் அவனைக் கவனித்தேன். பதில் சொல்லத் தயங்கினான். அதைக் குற்ற உணர்ச்சி என்று குறித்துக்கொண்டேன். இரவில் வெளியே போனான், அதையும் குறித்துக்கொண்டேன். மந்திரவாதி ஒரு விதவையைப் பார்த்தவுடன் என்ன செய்தாரோ, அதையே நான் ஒரு சிறுவனிடம் செய்துகொண்டிருந்தேன்.

ஜனவரி 8 இரவு எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்தேன். பையனும் கூட வருகிறேன் என்றான். பத்தரை மணிக்கு ஷீட்டில் "டங்" என்று விழுந்து உருண்டது. அவன் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். டார்ச்சைக் கூரைமேல் அடித்தேன், ஒன்றும் இல்லை. அவன்தான் என் கையைப் பிடித்து விளக்கை மேலே திருப்பினான். கூரைமேல் கவிந்திருந்த புங்கமரத்தில் பழந்தின்னி வௌவால் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பின்தெருவில் பாதாம் மரம், நாட்டு வாதுமை, இருக்கிறது. வௌவால்கள் பழத்தை அங்கேயே தின்பதில்லை. வேறு மரத்துக்குத் தூக்கி வந்து சதையைக் கடித்துத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். மறுநாள் முதல் விழுவதையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். ஏழு பாதாம் கொட்டைகள் சேர்ந்தன, ஒவ்வொன்றிலும் பல் தடம். அவை எப்போதும் அந்த முற்றத்தில் கிடந்தவைதான். சத்தம் கேட்டவுடன் அனைவரும் உள்ளே ஓடியதால், காலையில் கல்லைத் தேடியவர்கள் கல்லைத்தான் எடுத்தார்கள்.

இரவில் அவன் வெளியே போனது பெரியம்மாவுக்குக் கிணற்று நீர் இறைத்துக் கொடுக்க. வீட்டுக்குத் தெரியாமல் தினமும் இரண்டு குடம்.

தகடு

எலுமிச்சம்பழத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. செம்பருத்தி இதழைக் கத்தியில் தேய்த்துக் காயவைத்து அவர்கள் அடுக்களையிலேயே அறுத்துக் காட்டினேன். புளிப்பு பட்டதும் சிவந்தது. மந்திரவாதி செய்தது இதேதானா என்று என்னால் சொல்ல முடியாது. இதைச் செய்ய எந்தச் சக்தியும் வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவப்பதைத் தினமும் பார்க்கிற வீடு அது. உடனே புரிந்துகொண்டார்கள்.

தகடு வேறு விஷயம். அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன், புதுக் காசுபோல் மின்னியது. கடையில் அதே கனத்தில் செப்புத் தகடு வாங்கி இரண்டு துண்டாக வெட்டி, அதே குழியில், அதே ஆழத்தில், குடும்பம் பார்க்கப் புதைத்தேன். எத்தனை நாள் என்று தாய் கேட்டார். ஒரு மண்டலம் என்றேன். 48 நாள் என்றால் அவருக்கு அது ஒழுங்கான கணக்கு. மாட்டுக்கொட்டகை ஓரத்து ஈர மண் அது. பிப்ரவரி இறுதியில் தோண்டியபோது இரண்டு துண்டும் பழுப்பும் கறுப்புமாக, ஓரங்களில் பச்சைப் பூத்து வந்தன. மூன்று வருடம் மண்ணில் இருந்ததாகச் சொல்லப்பட்ட தகட்டைப் பக்கத்தில் வைத்தார் தம்பி. வெகுநேரம் பேசாமல் நின்றார். கொடுத்த பத்தாயிரம் திரும்பவில்லை. தொலைபேசியை மந்திரவாதி எடுக்கவே இல்லை.

ஏன் நம்பினார்கள்

படிப்பில்லாததால் என்று சொல்வது எளிது, பொய்யும்கூட. தம்பி மனைவி பன்னிரண்டாம் வகுப்பு. 2016 பிப்ரவரி 6 அன்று பழைய வேலூர் மாவட்டத்தின் நாட்றம்பள்ளியில் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தபோது, அது விண்கல் என்று மாநில அரசே அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள் தரையில் நடந்த வெடிப்பு போலவே இருக்கிறது என்றார்கள். குழியும் சாவும் கண்முன் இருக்கும்போது ஏதாவது ஒரு காரணம் வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வருகிறது.

மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் டிரோபிரியாண்ட் தீவு மீனவர்களைப் பற்றி எழுதியது இங்கே எனக்குப் பயன்பட்டது. காயலில் மீன் பிடிக்கும்போது அவர்கள் மந்திரம் செய்வதில்லை. ஆபத்து நிறைந்த ஆழ்கடலுக்குப் போகும்போது செய்கிறார்கள். 2008இல் விட்சன், கலின்ஸ்கி என்ற இருவர் தங்கள் பிடி நழுவிவிட்டதாக உணர்பவர்கள் இல்லாத உருவங்களையும் காண்கிறார்கள் என்று சோதனை வழியாகச் சொன்னார்கள். 2018இல் வேறு ஆய்வாளர்கள் அத்தகைய சோதனைகளைச் செய்தபோது அந்த விளைவு தெரியவில்லை. ஆகவே அதை நான் ஆணியடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வீட்டில் ஏழு மாதத்தில் நடந்ததைப் பாருங்கள்: மகன் போனான், மழை வந்தது, பக்கத்து ஊரில் சுவர் குழந்தைகள்மேல் விழுந்தது, தரை வெடித்தது. இவற்றில் எதையும் அவர்கள் தடுக்க முடியாது. தகடு ஒன்றைத் தோண்டி எடுக்க முடியும். நில அதிர்வு என்ற விளக்கம் உண்மை, ஆனால் அது அவர்கள் கையில் எதையும் கொடுக்கவில்லை. மந்திரவாதி ஒரு நாள், ஒரு குழி, ஓர் எதிரி என்று மூன்றைக் கொடுத்தார்.

மிச்சம் ஐந்து பதிவுகள் இருக்கின்றன. இரண்டு எலிகள், அவர்களே கண்ணால் பார்த்து எழுதியவை. பொங்கல் அன்று அடுக்களையில் மூடியோடு சொம்பு கவிழ்ந்ததற்குக் காரணம் என்னிடம் இல்லை. விளக்கப்படாதது என்றே எழுதி வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் பையனின் கையெழுத்தில் இப்படி இருந்தன: "இரவு 11.20. பெரியப்பா அம்மா என்று கூப்பிட்டதாகப் பாட்டி சொன்னார்." அவற்றை நான் ஆராயப் போகவில்லை. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் துணையை இழந்த 293 பேரைக் கேட்டார்; கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரைக் கண்டதாக, கேட்டதாக, அருகில் உணர்ந்ததாகச் சொன்னார்கள். பலர் அதை ஆறுதலாக எண்ணினார்கள். மகனை இழந்த தாயிடமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் குரலால் யாருடைய குடமும் கிணற்றடியில் தடுக்கப்படவில்லை. அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: இப்படிக் கேட்பது நோயும் இல்லை, பேயும் இல்லை. "அவன்தான், வாத்தியார் ஐயா" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

சுவர்

அந்த வீட்டில் உண்மையாகவே உயிருக்கு ஆபத்தாக இருந்த பொருள் ஒன்றுதான். அது நடுச்சுவர் விரிசல். பத்தாயிரம் ரூபாய் குழிக்குப் போன மாதத்தில் யாரும் அதைத் தொடவில்லை. விரிசலின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சிமெண்டில் பதித்துத் தேதி போட்டேன். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு கொத்தனாரை அழைத்து முட்டுக் கொடுக்கச் செய்தோம். மார்ச் மாதம் பார்த்தபோது கண்ணாடி உடையவில்லை. அதன் மேல் யாரோ திருநீறு பூசியிருந்தார்கள்.

ஜனவரி 18 மாலை மூன்று நோட்டுகளையும் தம்பி வீட்டுத் திண்ணையில் அருகருகே விரித்து வைத்தோம். ஒரே நிமிடத்தில் இருந்த ஐந்து வரிகளையும் தம்பி மனைவியையே படிக்கச் சொன்னேன். தன் நோட்டிலிருந்து ஒரு வரி, எதிர்வீட்டிலிருந்து ஒரு வரி, அண்ணியின் நோட்டிலிருந்து ஒரு வரி. மூன்றாவது பதிவில் அவர் குரல் நின்றது. அவருடைய நோட்டில் "அதிகாலை 2.40, பெரிய சத்தம், எல்லோரும் எழுந்துவிட்டோம்" என்று இருந்தது. அண்ணியின் நோட்டில்: "2.40. பெரிய சத்தம். எழுந்து உட்கார்ந்தேன். விளக்கு போட்டேன். பக்கத்தில் பேச்சுக்குரல் கேட்டது. விடியும்வரை அப்படியே இருந்தேன்."

"அக்கா, நீங்களும் பயந்தீர்களா" என்று மட்டும் கேட்டார். அண்ணி பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் கிணற்றுத் தடை இல்லை என்று மாணவர் சொன்னார். பாகப்பிரிவினை இன்னும் நடக்கவில்லை.

நான் கிளம்பும்போது அண்ணி தெருமுனைவரை வந்தார். மற்ற இரண்டு நோட்டுகளையும் வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையதை மட்டும் திருப்பிக் கொடுங்கள் ஐயா என்றார். எதற்கு என்று கேட்டேன். பெட்டியில் ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்றார்.